அரச இரகசியங்களின் வரலாறு – 9: சட்டத்தை மீறிய இரகசியம்

அரசின் இரகசியத்தை வெளியிடுபவரைத் தண்டிக்கும் சட்டம் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் உண்டு. படை எந்த இடத்தில் நிற்கிறது, கோட்டையின் எந்தப் பக்கம் வலுவற்றது, எதிரியின் சங்கேத எழுத்து எவ்வாறு படிக்கப்பட்டது என்பன போன்ற செய்திகள் பகைவன் கைக்குப் போனால் மக்களின் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், அத்தகைய சட்டத்தின் தேவையை மறுப்போர் மிகச் சிலரே. ஆயினும், மறைத்து வைக்கப்படும் செயலே நாட்டின் சட்டத்துக்கு மாறானதாக இருக்கும்போது, அதை மறைப்பதற்கும் அதே சட்டம் காவல் நிற்குமா என்னும் கேள்வி, அரச இரகசியங்களின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்து வந்திருக்கிறது. அக்கேள்விக்கு மிகத் தெளிவான விடையை, மிகக் கொடிய விளைவுகளோடு அளித்த நாடு, முதல் உலகப்போருக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடைப்பட்ட ஜெர்மனி.

1919 முதல் 1933 வரை நீடித்த ஜெர்மன் குடியாட்சி, அதன் அரசியலமைப்பு இயற்றப்பட்ட நகரத்தின் பெயரால் வைமார் குடியரசு என்று அழைக்கப்படுகிறது. போரில் தோற்ற ஜெர்மனி 1919ஆம் ஆண்டு கையெழுத்திட்ட வெர்சாய் உடன்படிக்கை, அந்நாட்டின் தரைப்படையை 1,00,000 பேருக்குள் அடக்கியதோடு, படைகளில் வான்படை என்று ஒரு பிரிவே இருக்கக் கூடாது என்றும் விதித்தது. இந்த உடன்படிக்கையை ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் வெற்றி பெற்றவர்கள் திணித்த அவமானமாகவே கருதினர். அந்த மனக்குமுறலுக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. எனினும் ஜெர்மன் நாடாளுமன்றம் அதை ஏற்றுச் சட்டமாக்கியிருந்ததால், உடன்படிக்கையை மீறுவது அயல்நாடுகளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது மட்டுமன்று, ஜெர்மனியின் சொந்தச் சட்டத்தை மீறுவதாகவும் இருந்தது. இனி வரும் செய்திகள் அனைத்தும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே நகர்வதால், வாசகர் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ரைக்ஸ்வேர் என்று பெயர் பெற்ற புதிய இராணுவம், தொடக்கத்திலிருந்தே இந்த வரம்புகளை மறைமுகமாக மீறியது. குறுகிய காலத்துக்கு மட்டும் சேர்க்கப்பட்டுப் பயிற்சி அளிக்கப்பட்டு, எந்தக் கணக்கிலும் ஏறாமல் அனுப்பப்பட்ட இளைஞர்கள் ‘தற்காலிகத் தொண்டர்கள்’ என்று அழைக்கப்பட்டனர். இவர்களைக் கொண்டு 1,00,000 என்ற எண் ஏட்டில் மாறாமலே படை வளர்ந்தது. வான்படையைப் பொறுத்தவரை, 1925ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தோடு செய்துகொண்ட இரகசிய ஏற்பாட்டின்படி, மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே லிபெட்ஸ்க் என்னும் ஊரில் ஜெர்மன் விமானிகளுக்கான பயிற்சிப்பள்ளி ஒன்று நிறுவப்பட்டு 1933 வரை இயங்கியது. பொதுவுடைமையரை உள்நாட்டில் ஒடுக்கிய அதே இராணுவம், பொதுவுடைமை அரசின் மண்ணில் தன் விமானங்களைப் பறக்கவிட்டது என்பது, கொள்கை வேறு, படைத்தேவை வேறு என்று அதன் தளபதிகள் எவ்வளவு உறுதியாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது.

இந்த மறைவான வளர்ச்சி முதலில் வெளிப்பட்டது ஒரு விபத்தால். 1925 மார்ச் 31 அன்று வெல்ட்ஹைம் என்னும் சிற்றூருக்கு அருகே, வேசர் ஆற்றைப் படையினர் மிதவையில் கடந்தபோது அது மூழ்கி 81 பேர் இறந்தனர். இறந்தவர்களிடையே தற்காலிகத் தொண்டர்களும் இருந்தனர் என்பதைப் பெர்டோல்ட் யாகப் என்னும் பத்திரிகையாளர் எழுத, ‘டாஸ் ஆண்டரே டாய்ச்லான்ட்’, அதாவது ‘மற்றொரு ஜெர்மனி’, என்னும் சமாதான இயக்க இதழில் அதன் ஆசிரியர் ஃபிரிட்ஸ் கியூஸ்டர் அதை வெளியிட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள், தங்கள் பிள்ளைகள் எந்தப் படையில், எந்தச் சட்டத்தின் கீழ் இறந்தார்கள் என்று கேட்பதற்கு உரிமை உடையவர்கள் என்பதே அக்கட்டுரையின் அடிப்படை நியாயம். ஆனால் அரசு இருவர் மீதும் தேசத்துரோக வழக்குத் தொடுத்தது.

அவ்வழக்கில் 1928 மார்ச் 14 அன்று, லைப்சிக் நகரில் இருந்த நாட்டின் உச்ச நீதிமன்றமான ரைக்ஸ்கெரிக்ட் அளித்த தீர்ப்பு, இந்த அத்தியாயத்தின் அச்சாணி எனலாம். மறைக்கப்பட்ட செயல் சட்டத்துக்குப் புறம்பானதே என்று எடுத்துக்கொண்டாலும் அதை வெளியிட்டது குற்றமே என்று நீதிபதிகள் கூறினர். குடிமகன் தன் அரசுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன். அந்த அரசின் நலமே அவனுக்கு முதன்மையானது. சட்டமீறல் ஏதேனும் நடப்பதாக அவன் கருதினால் அதற்குரிய உள்நாட்டு அதிகாரிகளிடம் முறையிடலாமே அன்றி, அயல்நாடுகளும் அறியும்படி உலகுக்குச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வகுத்த நெறி. சட்டத்தை மீறிய அதிகாரியிடமே அந்த மீறலைப் பற்றி முறையிட வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். அரசின் நலம் சட்டத்துக்கு மேலானது என்னும் கருத்தை ஒரு குடியாட்சியின் மிக உயர்ந்த நீதிமன்றமே தன் வாயால் சொன்னது, பின்னாளில் அந்தக் குடியாட்சியைக் குழியில் தள்ளியவர்களுக்கு எவ்வளவு வசதியாக அமைந்தது என்பதை மிகைப்படுத்திச் சொல்ல முடியாது. யாகப், கியூஸ்டர் இருவருக்கும் ஒன்பது மாதக் கோட்டைக் காவல் விதிக்கப்பட்டது. கோட்டைக் காவல் என்பது, இழிவான நோக்கம் இல்லாமல் குற்றம் புரிந்தவர்கள் என்று கருதப்பட்டோருக்குரிய, மதிப்புக் குறையாத, கடுமை தணிந்த சிறை. இச்சொல் சற்றுப் பின்னர் மீண்டும் வரும்.

இந்தத் தீர்ப்பு வந்து ஓராண்டு முடிவதற்குள், ‘வெல்ட்பியூனே’ இதழின் முறை வந்தது. ‘உலக மேடை’ என்று பொருள்படும் அவ்விதழ், 1905ஆம் ஆண்டு ஜீக்ஃப்ரீட் யாகப்ஸோன் என்பவரால் நாடக விமர்சன வார இதழாக வேறு பெயரில் தொடங்கப்பட்டு, போரின் முடிவில் அரசியல் இதழாக மாறியது. சிவப்பு அட்டை போட்ட அந்தச் சிறிய இதழ் 15,000 படிகள் அளவிலேயே விற்றது என்றாலும், குர்ட் டுகோல்ஸ்கி போன்ற கூரிய எழுத்தாளர்களால் நாடெங்கும் பேசப்பட்டது. யாகப்ஸோன் 1926 இறுதியில் இறந்த பின், 1927ஆம் ஆண்டு அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் கார்ல் ஃபான் ஒஸியட்ஸ்கி. 1889ஆம் ஆண்டு ஹாம்பர்கில் பிறந்து, முதல் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றி, போரின் கோரத்தை நேரில் கண்டதால் சமாதானக் கொள்கையில் உறுதிப்பட்ட இவர், கூச்ச சுபாவமும் தாழ்ந்த குரலும் உடையவராக இருந்தும் எழுத்தில் எவருக்கும் வளைந்து கொடுக்காதவராக விளங்கினார்.

1929 மார்ச் 12 அன்று வெல்ட்பியூனேயில் ஜெர்மன் விமானத்துறையைப் பற்றிய கட்டுரை ஒன்று ‘ஹைன்ஸ் யேகர்’ என்னும் புனைபெயரில் வெளிவந்தது. அதை எழுதியவர் விமானத் தொழில்நுட்பம் அறிந்த வால்டர் கிரைஸர். கட்டுரையின் பெரும்பகுதி, விமானத்துறைக்கு ஒதுக்கப்பட்ட பொதுப்பணம் எவ்வாறு செலவாகிறது என்பதைப் பற்றியது. இறுதியில் வரும் சில பத்திகள் மட்டுமே இராணுவத்தைத் தொட்டன. பெர்லினின் ஒரு விமானநிலையத்தில் ‘எம் பிரிவு’ என்ற பெயரில் ஓர் அமைப்பு இருப்பதையும், குடிமக்களுக்கான விமான நிறுவனத்தின் ஒரு கிளை கடற்படைக்கு ஊழியம் செய்வதையும், அந்த விமானங்கள் எப்போதும் ஜெர்மனியிலேயே இருப்பதில்லை என்பதையும் அப்பத்திகள் குறிப்பாகச் சொல்லின. கடைசியாகச் சொன்னதில் லிபெட்ஸ்க் பொதிந்திருந்தது; ஆயினும் ஊரின் பெயர் சொல்லப்படவில்லை.

இச்செய்திகளில் புதியது எவ்வளவு என்று பார்த்தால், வழக்கின் தன்மை விளங்கும். கிரைஸர் பயன்படுத்திய விவரங்களில் ஒரு பகுதி நாடாளுமன்ற வரவுசெலவுக் குழுவின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பிலேயே இருந்தது. ஜெர்மன், சோவியத் படைகளின் மறைவான உறவை, மான்செஸ்டர் கார்டியன் நாளிதழ் 1926 டிசம்பர் தொடக்கத்திலேயே வெளியிட்டிருந்தது. அதே மாதம் 16ஆம் நாள் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான பிலிப் ஷைடமன் நாடாளுமன்றத்தில் எழுந்து அதைப் பற்றிப் பேச, அரசே கவிழ்ந்தது. உலகமே அறிந்திருந்த ஒன்றை இரகசியம் என்று எப்படிக் கூறுவது என்பதற்கும் ரைக்ஸ்கெரிக்ட் தன்னிடம் விடை வைத்திருந்தது. அங்கங்கே சிதறிக் கிடக்கும், தனித்தனியே எவரும் அறிந்த செய்திகளை ஒருவர் ஒன்றாகக் கோத்துத் தரும்போது, அந்தத் தொகுப்பு ஒரு புதிய இரகசியமாகிவிடும் என்பது அவ்விடை. பல வண்ணக் கற்களைப் பதித்துச் சித்திரம் அமைக்கும் கலையின் பெயரால் இதை ‘மொசைக் கோட்பாடு’ என்பர். ஆராய்ந்து எழுதும் எந்தப் பத்திரிகையாளரையும் இந்தக் கோட்பாட்டின் கீழ் துரோகி என்று நிறுத்த முடியும், ஏனெனில் சிதறியவற்றைக் கோப்பதே அவருடைய தொழில்.

1929ஆம் ஆண்டிலேயே விசாரணை தொடங்கிவிட்டபோதும் வழக்கு நீதிமன்றத்துக்கு வர இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தாமதத்துக்குக் காரணங்களில் ஒன்று வெளியுறவுத் துறையின் தயக்கம்: ஒரு செய்தியை இரகசியம் என்று சொல்லி அதை வெளியிட்டவரைத் தண்டித்தால், அச்செய்தி உண்மை என்று உலகுக்கு முன் அரசே ஒப்புக்கொண்டதாகும் அல்லவா? இராணுவத்தின் விருப்பமே இறுதியில் வென்றது. 1914 ஜூன் 3ஆம் நாள், அதாவது பேரரசர் காலத்தில், இயற்றப்பட்ட இராணுவ இரகசியச் சட்டத்தின் கீழ், ஒஸியட்ஸ்கி, கிரைஸர் இருவர் மீதும் ஒற்றுக்குற்றம் சாட்டப்பட்டது. 1931 நவம்பரில் நடந்த விசாரணைக்குப் பொதுமக்கள் அனுமதிக்கப்படவில்லை. மாக்ஸ் ஆல்ஸ்பெர்க், ரூடால்ஃப் ஓல்டன் முதலிய புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் வாதாடினர். அவர்கள் அழைக்கக் கோரிய சாட்சிகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. நவம்பர் 23 அன்று இருவருக்கும் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. தீர்ப்பின் காரணங்கள் பூட்டிய கதவுக்குள்ளேயே படிக்கப்பட்டதோடு, அவற்றை வெளியில் சொல்லக் கூடாது என்று தண்டிக்கப்பட்டவர்களுக்கே தடையும் போடப்பட்டது. தாம் எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதும் ஓர் அரச இரகசியமாகிவிட்டது.

தண்டனையின் அளவைக் காட்டிலும் அதன் வகை கவனிக்கத்தக்கது. இவ்வழக்குக்குத் தலைமை தாங்கிய அலெக்சாண்டர் பௌம்கார்டன் என்னும் நீதிபதியே, ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 1930 இலையுதிர் காலத்தில், உல்ம் நகரப் படைப்பிரிவைச் சேர்ந்த மூன்று இளம் அதிகாரிகளின் வழக்கையும் விசாரித்தவர். இராணுவத்துக்குள் நாஜிக் கட்சிக்காக இரகசியமாக ஆள்சேர்க்க முயன்றது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. ஹிட்லர் சாட்சிக்கூண்டில் ஏறி, தம் கட்சி சட்டவழியிலேயே ஆட்சியைப் பிடிக்கும் என்று சத்தியம் செய்ததும் அவ்வழக்கில்தான். குடியரசைக் கவிழ்க்கத் துணிந்த அந்த அதிகாரிகளுக்கும் பதினெட்டு மாதமே விதிக்கப்பட்டது, ஆனால் அது கோட்டைக் காவல். குடியரசின் சட்டமீறலைக் குடியரசின் சட்டத்தைச் சொல்லிச் சுட்டிக்காட்டிய ஆசிரியருக்கோ திருடர்களும் மோசடிக்காரர்களும் அடைக்கப்படும் சாதாரணச் சிறை. கியூஸ்டருக்கும் யாகப்புக்கும் 1928இல் கிடைத்த மதிப்புக்கூட மூன்றே ஆண்டுகளில் மறுக்கப்பட்டதிலிருந்து, நீதிமன்றங்களின் மனம் எந்தத் திசையில் சாய்ந்துகொண்டிருந்தது என்பதை அறியலாம்.

தீர்ப்புக்குப் பின் கிரைஸர் பிரான்சுக்குத் தப்பிவிட்டார். ஒஸியட்ஸ்கியிடம் கடவுச்சீட்டு இருந்தது, வழியும் திறந்திருந்தது, நண்பர்களும் வற்புறுத்தினர், அவர் போகவில்லை. எல்லைக்கு அப்பால் நின்று பேசுபவனின் குரல் விரைவிலேயே தாய்நாட்டில் எடுபடாமல் போய்விடும் என்றும், வெளியே ஓடிய எதிர்ப்பாளனைவிடச் சிறையில் இருக்கும் எதிர்ப்பாளனே அதிகாரத்துக்குப் பெரும் தொல்லை என்றும் அவர் கருதினார். அவருக்காக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டும், தாமஸ் மான், ஐன்ஸ்டைன் போன்றோர் குரல்கொடுத்தும், குடியரசுத் தலைவராக இருந்த முன்னாள் படைத்தளபதி ஹிண்டன்பர்க் தண்டனையைக் குறைக்கவில்லை. 1932 மே 10 அன்று எர்ன்ஸ்ட் டோலர், அர்னால்ட் ஸ்வைக் முதலான எழுத்தாளர்கள் பெர்லினின் டேகல் சிறைவாசல் வரை உடன்சென்று அவரை வழியனுப்பினர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸையொட்டி வந்த பொதுமன்னிப்பால் டிசம்பர் 22 அன்று அவர் விடுதலையானார்.

அவர் வெளியில் இருந்தது பத்து வாரங்களுக்கும் குறைவு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் விடிவதற்குள் ஒஸியட்ஸ்கியைக் காவலர் இழுத்துச் சென்றனர். இம்முறை குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. ‘பாதுகாப்புக் காவல்’ என்று பெயரிட்டு, நீதிமன்றத்தை அணுகாமலே எவரையும் எத்தனை காலமும் அடைத்து வைக்கும் முறை அந்நாட்களில் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஸொன்னன்பர்க் வதைமுகாமிலும், 1934 முதல் நாட்டின் வடமேற்குச் சதுப்புநிலத்தில் இருந்த எஸ்டர்வேகன் முகாமிலும் அவர் அடிபட்டார். நோயுற்ற உடலோடு சதுப்பு வெட்டும் வேலையில் நிறுத்தப்பட்டார். 1935 இலையுதிர் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முகாமைப் பார்வையிடச் சென்ற சுவிட்சர்லாந்துக்காரர் கார்ல் யாகப் புர்க்ஹார்ட், வெளிறி நடுங்கும் உடலும், வீங்கிய கண்ணும், உடைந்த பற்களும், சரியாகக் கூடாத எலும்போடு இழுத்து நடக்கும் காலுமாக அவரைக் கண்டதாகப் பின்னர் எழுதினார்.

அந்தச் சந்திப்புக்குச் சில மாதங்களுக்கு முன், 1935 மார்ச்சில், ஜெர்மனிக்கு வான்படை இருக்கிறது என்று ஹிட்லர் அரசின் விமானத்துறை அமைச்சர் கோரிங் உலகுக்கு வெளிப்படையாக அறிவித்துவிட்டார். எந்த இரகசியத்தை வெளியிட்டதற்காக ஒஸியட்ஸ்கி ஒற்றர் என்று தீர்ப்பிடப்பட்டாரோ, அது அரசின் பெருமையாகப் பறைசாற்றப்பட்டபோது, அவர் முள்வேலிக்குள் சதுப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வெல்ட்ஹைம் செய்தியை எழுதிய பெர்டோல்ட் யாகப்பை அதே மார்ச் மாதத்தில் நாஜி உளவாளிகள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து கடத்திச் சென்றனர். சுவிஸ் அரசின் உறுதியான எதிர்ப்பால் அவர் திருப்பி அனுப்பப்பட்டாலும், 1941இல் லிஸ்பனிலிருந்து மறுபடியும் கடத்தப்பட்டு, சிறைவாசத்தில் உடல் சீரழிந்து 1944ஆம் ஆண்டு பெர்லினில் இறந்தார்.

நாட்டைவிட்டு வெளியேறிய நண்பர்கள், ஒஸியட்ஸ்கிக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தால் அவருடைய உயிரைக் காக்கலாம் என்று எண்ணிப் பெருமுயற்சி எடுத்தனர். அப்போது நார்வேயில் அடைக்கலம் புகுந்திருந்த இளைஞர் வில்லி பிராண்ட், பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சரானவர், அம்முயற்சியில் முன்னின்றார். ஜெர்மனியின் சீற்றத்துக்கு அஞ்சி 1935ஆம் ஆண்டின் பரிசு ஒத்திவைக்கப்பட்டு, 1936 நவம்பர் 23 அன்று, லைப்சிக் தீர்ப்பின் ஐந்தாம் ஆண்டு நிறைவு நாளில், அவருக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அதற்கு முன் நார்வேயின் வெளியுறவு அமைச்சரும் முன்னாள் பிரதமர் ஒருவரும், அரசுக்குச் சங்கடம் வராதிருக்கப் பரிசுக்குழுவிலிருந்து விலகிக்கொண்டனர். பரிசை மறுத்துவிடுமாறு கோரிங்கே நேரில் அழைத்து வற்புறுத்தியும், காசநோய் முற்றி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருந்த அந்த மனிதர் இணங்கவில்லை. அவரை ஆஸ்லோவுக்குப் போக அரசு விடவில்லை. 1937 ஜனவரி 30 அன்று, ஜெர்மானியர் எவரும் இனி எந்த நோபல் பரிசையும் ஏற்கக் கூடாது என்று ஹிட்லர் ஆணை பிறப்பித்தார். அதன் விளைவாக ரிச்சர்ட் கூன், அடால்ஃப் புட்டனான்ட், கெர்ஹார்ட் டோமாக் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் பரிசை உரிய காலத்தில் பெற முடியாமல் போயிற்று. பரிசுப்பணத்தின் பெரும்பகுதியை, அதைப் பெற்றுத்தர அமர்த்தப்பட்ட வழக்கறிஞரே கையாடிவிட்டார். 1938 மே 4 அன்று, இரகசியக் காவலரின் கண்காணிப்பிலேயே, ஒஸியட்ஸ்கி பெர்லின் மருத்துவமனையில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 48.

போருக்குப் பின் உருவான மேற்கு ஜெர்மனியும் பழைய சட்டத்தின் நிழலிலிருந்து எளிதில் வெளியே வரவில்லை. 1962 அக்டோபரில், படையின் ஆயத்தநிலை குறித்துக் கட்டுரை வெளியிட்டதற்காக ‘டெர் ஸ்பீகல்’ இதழின் அலுவலகத்துக்குள் காவலர் புகுந்து, அதன் வெளியீட்டாளர் ரூடால்ஃப் ஔக்ஸ்டைனை 103 நாட்கள் அடைத்து வைத்தனர். ஆனால் இம்முறை மக்கள் தெருவில் இறங்கினர். பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ராஸ் பதவி இழந்தார். வழக்கு விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் தள்ளுபடியாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1968ஆம் ஆண்டு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது, அதன் 93ஆம் பிரிவில் புதிய வாசகம் ஒன்று சேர்க்கப்பட்டது. நாட்டின் அடிப்படை மக்களாட்சி ஒழுங்குக்கு மாறான செய்திகளும், படைக்குறைப்பு உடன்படிக்கைகளை அவற்றின் மற்றத் தரப்பு நாடுகளுக்குத் தெரியாமல் மீறும் செய்திகளும் அரச இரகசியம் ஆகா என்று அது கூறுகிறது. அத்தகைய செய்தியை அயல்நாட்டு அரசிடம் நேரடியாக ஒப்படைப்பது இன்றும் குற்றமே. ஊரறிய வெளியிடுவது துரோகம் அன்று. 1928இல் லைப்சிக் நீதிபதிகள் அளித்த விடை நாற்பதாண்டுகள் கழித்து இவ்வாறு திருத்தப்பட்டது. இவ்வாசகம் 1929ஆம் ஆண்டு நடைமுறையில் இருந்திருந்தால் வெல்ட்பியூனே வழக்கே எழுந்திருக்காது.

பின்னர் ஒஸியட்ஸ்கியின் மகள் தந்தையின் வழக்கை மீண்டும் விசாரிக்கக் கோரினார். மறுவிசாரணைக்கு, முன்பு நீதிமன்றம் அறியாத புதிய உண்மையோ புதிய சான்றோ தேவை என்றும், பழைய தீர்ப்பு அதன் காலத்துச் சட்டத்தைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும் என்றும், அக்காலச் சட்டத்தின்படி சட்டத்துக்குப் புறம்பான இரகசியமும் காக்கத்தக்கதே என்றும் கூறி, ஜெர்மன் கூட்டரசின் உச்ச நீதிமன்றம் 1992 டிசம்பர் 3 அன்று அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. ஒஸியட்ஸ்கியின் பெயரால் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. அவரை ஒற்றர் என்று சொன்ன 1931 நவம்பர் 23ஆம் நாள் தீர்ப்பை எந்த நீதிமன்றமும் நீக்கவில்லை.